கவுன் போட்ட பையன்

“எது? பொண்ணா, பையனா?”

ஹாஜியார் துஹாமி கேட்டது அவ்வளவுதான். அவித்த மொச்சையில் எண்ணெய் ஊற்றி, ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

முற்றத்தில் அவருடைய தம்பி மனைவி ரஸ்மியா நின்றாள். கையில் ஏழு மாதக் குழந்தை. சிவப்புக் கவுன், நீலமணி தைத்த குல்லா, காதில் பொடித் தோடு, கண்ணைச் சுற்றி அப்பிய மை. இரண்டு நாளாகப் பேதி, வாந்தி. நேற்று சாயங்காலம் வரை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டு அழுத பிள்ளை, விடிந்ததிலிருந்து அழவே இல்லை. அழுகை நின்றதில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ரஸ்மியாவுக்கு மட்டும் இல்லை. பால் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திரும்பவில்லை.

ஹாஜியார் கேட்ட கேள்வி அநியாயமான கேள்விதான். ஆனாலும் பார்த்துப் பதில் தெரிந்துகொள்ள முடியாத கேள்வி. ரஸ்மியா பெற்றது இரட்டை, ஆணும் பெண்ணும். அதற்கு முன் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளையும் அவள் மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். ஊர்க்கண்தான் கொண்டுபோயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே இந்த முறை பையன் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவனுக்குக் காது குத்தி, கவுன் மாட்டி, நாஜி என்ற பெயரை வெளியில் நாஜியா ஆக்கிவிட்டார்கள். பொறாமைக்காரக் கண் வந்து பார்த்தால் இரண்டு பெண் குழந்தைகள் கிடக்கும். பெண் குழந்தையைப் பார்த்து யார் பொறாமைப்படப் போகிறார்கள்? யோசனை ஹாஜியாருடையது. ஒரே துணியில் இரண்டு கவுன் தைக்கச் சொன்னவரும் அவர்தான். அன்று முதல் எது நாஜி, எது வர்தா என்று தெரிய வேண்டுமென்றால் ஒன்று பெற்றவளாக இருக்க வேண்டும், இல்லை இடுப்புத் துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஹாஜியார் பெற்றவளும் அல்ல, துணி மாற்றுகிறவரும் அல்ல.

எங்கள் பர்கூக் கிராமத்தில் இருந்தது ஒரே ஒரு பிக்கப் வண்டி. ரஸ்மியாவின் கணவன் குவைத் வெயிலில் சாரம் கட்டி அனுப்பிய காசில் வாங்கியது. சாவி மட்டும் அண்ணன் இடுப்பில். அந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. போன வருஷம் கொல்லன் மகளுக்கு வலிப்பு வந்தபோது அதன் டயர் சரியில்லாமல் இருந்தது. அதே வாரம் கொல்லன் மகனுக்குக் காது வலித்தபோது டயர் தானாகவே சரியாகிவிட்டது. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு கொல்லன் அதே வண்டியில் மகனை ஏற்றிக்கொண்டு போனான். யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

ரஸ்மியாவின் கையில் இருந்தது வர்தா.

“பையன்தான் மச்சான்,” என்றாள்.

மொச்சைக் கிண்ணம் கவிழ்ந்தது. ஹாஜியார் எழுந்த வேகத்தில் ஒரு செருப்பு இங்கே, ஒரு செருப்பு அங்கே. “அட அறிவு கெட்டவளே! இதை முதல்லயே சொல்ல மாட்டியா? கல்லு மாதிரி நிக்கிற! ஃபஹீமா! அடியே ஃபஹீமா! என் தலைப்பாகை எங்க?”

அவர் மனைவி ஃபஹீமா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் இன்னொரு சிவப்புக் கவுன். அது தெம்பாக அவள் காதுவளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் முன்புதான் அதற்கு அவள் துணி மாற்றியிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், ரஸ்மியாவைப் பார்த்தாள், ரஸ்மியாவின் கையில் துவண்டு கிடந்ததைப் பார்த்தாள்.

“ஐயோ, நாஜிக்கா?” என்றாள், சத்தமாக. “ஓடுங்க, ஓடுங்க. இந்தப் பொட்டைக் கழுதைய நான் பாத்துக்கிறேன்.” சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த நாஜியின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

வண்டி அன்று பறந்தது. வாய்க்கால் கரையில் கழுதைகள் ஒதுங்கின. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒதுங்கின. சோதனைச் சாவடிச் சிப்பாய் கையைக் காட்டியபோது ஹாஜியார் தலையை வெளியே நீட்டி, “பையன்! என் தம்பியோட ஒத்தைப் பையன்!” என்று கத்தினார். சிப்பாய் கம்பை மேலே தூக்கிவிட்டுப் பையன் பிழைக்கட்டும் என்று தன் பங்குக்கு ஒரு துஆவும் சொன்னான். ரஸ்மியா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து கிலோமீட்டர் அவளுக்கு மட்டும் இருநூறாக இருந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அவசரப் பிரிவின் வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் சிஸ்டர் கரீமான். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசை அவளுடையது. யார் முதலில், யார் பிறகு என்று பிரிப்பது அவள் வேலை. வாசலில் அன்று முப்பது பேர். ஒரு அதிகாரி வீட்டுப் பையன் கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது என்று கூரை பறக்க அலறிக்கொண்டிருந்தான்.

“வழி விடுங்க! பையன்!” என்று முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தார் ஹாஜியார். “சிஸ்டர், கவுனைப் பாத்து ஏமாந்துடாதீங்க. உள்ள பையன்! கண்ணு படக் கூடாதுன்னு இப்படி.”

“இங்க கவுனுக்கும் வரிசை இல்ல, உள்ள இருக்கிறதுக்கும் வரிசை இல்ல ஹாஜியார். நோய்க்குத்தான் வரிசை,” என்றாள் கரீமான். அலறுகிற பையனை ஓரக்கண்ணால் பார்த்தாள். “இவ்வளவு கத்துறதுக்கு மூச்சு இருக்குல்ல, அவன் மத்தியானம் வரைக்கும் தாங்குவான். கத்தாத பிள்ளையத்தான் நான் முதல்ல பாக்கணும். இப்படிக் குடு.”

பேசிக்கொண்டே அவள் கை வேலை செய்தது. மூச்சை எண்ணினாள். உள்ளங்கையைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. நெஞ்சில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் சிவக்கவில்லை, சிவக்கவில்லை, அப்புறம்தான் சிவந்தது. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மாவைக் கிள்ளி வைத்த மாதிரி அது அப்படியே நின்றது.

அவள் முகத்திலிருந்த விளையாட்டுப் போய்விட்டது. “டாக்டரைக் கூப்பிடு!” என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரஸ்மியா பின்னால் ஓடினாள். ஹாஜியாரும் ஓடினார்.

எடை பார்க்கும் தட்டில் போட்டுத் துணியை அவிழ்க்கப் போன கரீமானின் கையை ரஸ்மியா பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடி இரும்பாக இருந்தது. கரீமான் துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் ரஸ்மியாவின் முகத்தைப் பார்த்தாள். கதவோரம் நின்று எட்டிப் பார்க்கும் ஹாஜியாரைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்தவளுக்குக் கதை புரிய வேறு என்ன வேண்டும்? எத்தனை பெண் குழந்தைகளை நோய் வந்து மூன்றாம் நாள், நான்காம் நாள், பஸ்ஸில் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டிருக்கிறார்கள்! அதில் பாதியை அவள் துணியால் மூடித்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

“ஹாஜியார், நீங்க வெளிய போங்க.”

“நான் எதுக்குப் போகணும்? நான் இவனுக்குப் பெரியப்பா!”

“ஏழு மாசம் மூடி மூடி வச்ச பையனை இத்தனை பேர் பாக்க அவுக்கப் போறேன். வாசல்ல ஒரு கண்ணா ரெண்டு கண்ணா, முப்பது பேர் நிக்கிறாங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி எத்தனை பேர் எட்டிப் பாக்கிறாங்கன்னு திரும்பிப் பாருங்க. கதவை வெளியில இருந்து சாத்திட்டு ஒருத்தரையும் விடாம காவல் நில்லுங்க.”

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். “நியாயம் சிஸ்டர், நியாயம்,” என்று கதவைத் தானே சாத்தி, முதுகைக் கதவோடு ஒட்டவைத்து நின்றார். அப்புறம் அந்த வழியாக ஒரு ஈ கூட உள்ளே போகவில்லை. அவசரப் பிரிவுக்கு அப்படியொரு காவல்காரன் அதற்கு முன் கிடைத்ததில்லை.

உள்ளே நரம்பு கிடைக்கவில்லை. கையில் இரண்டு முறை, காலில் ஒரு முறை குத்தியும் ஓடி ஒளிந்தது. டாக்டர் இளைஞன், நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் கரீமான் காதோரம் முடியைச் சிரைத்து, தலை நரம்பில் ஊசியை ஏற்றினாள். ஊசி ஏறும்போதும் குழந்தை அழவில்லை. அதைப் பார்த்துத்தான் ரஸ்மியா முதல் முறையாக உடைந்து அழுதாள்.

“பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர். உண்மை தெரிஞ்சா இந்த நிமிஷமே வண்டிய எடுத்துருவார். என்னையும் சேத்து அள்ளிப் போட்டுட்டுப் போயிருவார்.”

“எத்தனை மணி நேரம் அவரைத் தாக்காட்ட முடியும் உன்னால?”

“எத்தனை மணி நேரம் வேணும்?”

“முதல் ஒரு மணி நேரம் வேகமா ஏத்தணும். அப்புறம் அஞ்சு மணி நேரம் மெதுவா. மூத்திரம் போகட்டும், அப்பதான் நான் மூச்சு விடுவேன். அது வரைக்கும் இவ பையன். ஞாபகம் வச்சுக்கோ, வாய் தவறிக்கூட வேற சொல்லாத.”

வெளியே நின்ற ஹாஜியார் அன்று மதியத்துக்குள் கரும்பு ஆலையில் இருந்தாக வேண்டும். வெட்டின கரும்பு டிராக்டரில் காய்ந்துகொண்டிருந்தது, முறை தவறினால் இன்னும் நாலு நாள். இருந்தும் அவர் அசையவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம், “கரும்பு கிடக்கட்டும். பையனை விடவா கரும்பு?” என்றார். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பையன் பிழைத்தால் ஒரு கிடா வெட்டி ஊருக்கே பங்கு வைப்பதாகவும் உரக்க நேர்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தான். சதித்திட்டம் எதுவும் அவனுக்குத் தெரியாது. “பொண்ணு கொஞ்சம் தேறியிருக்கா ஹாஜியார். கண் முழிச்சுப் பாத்தா,” என்றான்.

கதவின் இடுக்கில் இதைக் கேட்ட ரஸ்மியா கரீமானைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹாஜியார் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பொண்ணாம்! கேட்டீங்களா? டாக்டரே ஏமாந்துட்டார்! கெய்ரோவில ஏழு வருஷம் படிச்ச கண்ணே கவுனைப் பாத்து ஏமாறுதுன்னா, நம்ம ஊர்ப் பொறாமைக் கண்ணு எந்த மூலைக்கு? என் யோசனை டாக்டரே இது, என் யோசனை!” டாக்டரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கரீமான் உள்ளேயிருந்து, “டாக்டர், மூணாம் கட்டிலுக்குக் கொஞ்சம் வாங்க,” என்று அவனை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் கட்டில் காலியாகத்தான் இருந்தது.

அதற்குள் அறையிலிருந்த மற்றத் தாய்மார்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். ஹாஜியார் கதவைத் தட்டும்போதெல்லாம் ஒருத்தி, “பையன் தூங்குறான்!” என்பாள். இன்னொருத்தி, “பையன் பால் குடிக்கிறான்! என்னமா இழுக்கிறான், ஆம்பளைப் பிள்ளை!” என்பாள். பால் குடித்தது மட்டும் உண்மை. உப்பு சர்க்கரைத் தண்ணீரையும் கரண்டி கரண்டியாக வாங்கிக்கொண்டாள் வர்தா.

ஆனால் துணி நனையவில்லை. ஒரு மணி ஆயிற்று. கரீமான் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். ஒன்றரை. அறையில் பேச்சு குறைந்தது. ரஸ்மியா குழந்தையின் துணியைப் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டு தொடைகளுக்கு நடுவே பார்வையை நட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் அதைத் தவிர அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது. “மூத்திரம் போனானா இல்லையா? எங்க வம்சத்துப் பையன், போனா கூரைக்குப் போகணும்!” என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதே நொடியில் வர்தா மூத்திரம் போனாள். கூரைக்குப் போகவில்லை. சூடாக, தாராளமாக, ரஸ்மியாவின் மடியெல்லாம் நனைத்துக்கொண்டு தரைக்கு இறங்கி, ஹாஜியாரின் செருப்பு வரைக்கும் வந்தது.

அடுத்த கட்டில்காரி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அறை முழுக்கக் குலவை.

ஹாஜியார் பார்த்தார். குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்க வேண்டியது இல்லை.

“என்ன இது?”

“மூத்திரம் ஹாஜியார்,” என்றாள் கரீமான்.

“அவன்... அவன் எங்க?”

“வீட்டில மச்சான்,” என்றாள் ரஸ்மியா. துணியை மூடவில்லை. “ஃபஹீமா அக்கா இடுப்பில. அவனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கான். இது வர்தா.”

“என்கிட்ட பொய்யா சொன்ன?”

“சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தா வண்டிய எடுத்திருப்பீங்களா?”

குலவை நின்றுவிட்டது. எட்டுத் தாய்மார்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்திருப்பேன் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், மானம் பிழைத்துவிடும். ஹாஜியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சட்டென்று வரவில்லை.

பொய் வரவில்லை, கோபம் வந்தது. “கழட்டு அந்த ஊசிய. கரும்பு முறையும் போச்சு. எழுந்திரு, போகலாம்.”

“கழட்டலாமே,” என்றாள் கரீமான், ரொம்ப மரியாதையாக. “இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஏறணும். பாதியில கூட்டிட்டுப் போனா ஒரு தாள்ல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ‘பையன்னு நினைச்சுக் கொண்டு வந்தேன், பொண்ணுன்னு தெரிஞ்சதால கூட்டிட்டுப் போறேன்’னு எழுதிக் குடுங்க. பேரைத் தெளிவா எழுதுங்க, வாசல்ல எல்லாருக்கும் உங்களைத் தெரிஞ்சிருக்கு.” பேனாவை நீட்டினாள்.

பேனா நீட்டியபடியே இருந்தது. ஹாஜியாரின் மீசை துடித்தது. அந்தத் துடிப்பை வர்தா பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று அழ ஆரம்பித்தாள். கன்னத்தில் பெரிய பெரிய சொட்டாகக் கண்ணீர்.

“கண்ணீர்!” என்று கரீமான் கையைத் தட்டினாள். “காலையில இருந்து ஒரு சொட்டு வரல. உடம்புல தண்ணி ஏறிடுச்சு! உங்க முகத்துக்கு இப்படியொரு சக்தியா ஹாஜியார்? இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே முறைச்சுப் பாருங்க.”

மறுபடியும் குலவை. ஹாஜியார் மூன்றாம் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். ட்ரிப்ஸ் கடைசிச் சொட்டு இறங்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை, ஊர் எல்லையில்.

“பையன்தான். ஊர்ல யார் கேட்டாலும் பையனுக்குத்தான் முடியாமப் போச்சு. ஒரு பொம்பளை கிட்ட நான் ஏமாந்தேன்னு வெளிய தெரியக் கூடாது.”

“சரி மச்சான்,” என்றாள் ரஸ்மியா.

காபிக் கடையில் கதை நன்றாக வளர்ந்தது. பையனின் நாடியே நின்றுவிட்டதாம், ஹாஜியார் மூச்சு ஊதினாராம், டாக்டர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். நேர்ந்துகொண்டபடி வெள்ளிக்கிழமை கிடா வெட்டினார்கள். நோயே வராத நாஜியைத் தூக்கி வைத்து ஊரே கொஞ்சியது. செத்துப் பிழைத்தவள் தாயின் மடியில், யாரும் கவனிக்காமல், பக்கத்தில் கிடந்த தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரஸ்மியாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் மகள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் பொறுத்துக்கொண்டாள். கிடாய்க் கறியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது ஃபஹீமா. ஒவ்வொரு வீட்டிலும் கறியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வந்தாள்.

பத்து நாள் கழித்து, காலைத் தொழுகை முடிந்து ஹாஜியார் வாசலுக்கு வந்தபோது, செங்கல் சூளைக்காரன் மனைவி அதியாத் நின்றாள். கையில் ஒரு பிள்ளை, மூச்சு இரைத்தது, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. மஞ்சள் கவுன், காதில் தோடு.

ஹாஜியார் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள். “பையன்தான் ஹாஜியார். கண்ணு படக் கூடாதுன்னு கவுன் போட்டிருக்கேன்.”

சூளைக்காரனுக்கு நாலும் பெண். நாலாவது பிறந்த அன்று துக்கம் விசாரிக்கிற மாதிரி அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தவரே ஹாஜியார்தான். வாயைத் திறந்தார். அதியாத் கண்ணை இமைக்காமல் அவரைப் பார்த்தாள். முற்றத்தில் ஃபஹீமா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். ரஸ்மியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தலையைத் திருப்பவே இல்லை.

இது பெண் என்று சொன்னால், கவுன் போட்ட பையன் என்று இதற்கு முன்னால் ஏமாந்தது யார் என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஹாஜியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

அந்தக் கோடை முழுக்கப் பர்கூக்கில் ஒரு பெண் குழந்தைக்குக்கூட நோய் வரவில்லை. வந்ததெல்லாம் கவுன் போட்ட பையன்களுக்குத்தான்.